வோல்டேஜ் குறைந்தால் கீசர் ஏன் இவ்வளவு சோம்பேறி ஆகிறது?

மின்சாரக் கெட்டிலைக் கவிழ்த்து அடியில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படித்தால் பல மாடல்களில் இப்படி எழுதியிருக்கும்: 220–240 வோல்ட், 1850–2200 வாட். உள்ளே இருப்பது ஒரே ஒரு காயில். அப்புறம் எதற்கு இரண்டு வாட் கணக்கு? 220 வோல்ட் வரும் வீட்டில் அது 1850 வாட் கெட்டில், 240 வோல்ட் வரும் வீட்டில் 2200 வாட் கெட்டில். தயாரித்தவர்கள் ஒன்றையும் மறைக்கவில்லை. வோல்டேஜ் 9 சதவீதம் ஏறினால் வாட் 19 சதவீதம் ஏறுகிறது என்பதை அந்தச் சின்ன லேபிளிலேயே அச்சடித்துக் கொடுத்துவிட்டார்கள்.

ஹீட்டர் என்பது அடிப்படையில் ஒரு மின்தடைக் கம்பி. அதன் இரு முனைகளுக்கு இடையில் வோல்டேஜைக் கூட்டினால் இரண்டு காரியங்கள் ஒருசேர நடக்கின்றன. முதலாவது, கம்பி வழியாக ஓடும் ஆம்பியர் அதே விகிதத்தில் கூடுகிறது. ஜெர்மனியின் கேயார்க் ஓம் 1827இல் வெளியிட்ட விதி இதுதான். இரண்டாவது, ஓடும் ஒவ்வொரு ஆம்பியரும் வழியில் இறக்கிவைக்கும் ஆற்றலும் கூடுகிறது. வாட் என்பது இந்த இரண்டின் பெருக்கல். இரண்டுமே வோல்டேஜைப் பின்தொடர்வதால் வாட் வோல்டேஜின் வர்க்கமாக மாறுகிறது. வோல்டேஜ் பாதியானால் சூடு கால்வாசி ஆகிவிடும்.

இதைச் சோதனையால் நிறுவியவர் ஜேம்ஸ் பிரஸ்காட் ஜூல். மான்செஸ்டருக்குப் பக்கத்தில் சால்ஃபோர்டில் பீர் ஆலை நடத்திய குடும்பத்துப் பிள்ளை. 1840இன் கடைசியில், 22 வயது நிறைகிற சமயத்தில், கம்பிச் சுருளைத் தண்ணீரில் அமிழ்த்தி, மின்சாரத்தைப் பாய்ச்சி, வெப்பமானியால் தண்ணீரின் சூட்டை அளந்து பார்த்தார். பிறக்கும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தையும் கம்பியின் தடையையும் பொறுத்தது என்று கண்டார். வாளிக்குள் ராடு ஹீட்டரைத் தொங்கவிடுகிற நம் வீடுகளில் அந்தச் சோதனை இன்றும் தினமும் நடக்கிறது, வெப்பமானிதான் இல்லை.

கணக்குக்கு ஒரு 2000 வாட் கீசரை எடுத்துக்கொள்வோம். 230 வோல்ட்டில் 2000 வாட் தர வேண்டுமென்றால் அதன் காயிலின் தடை சுமார் 26 ஓம். தெருவில் என்ன நடந்தாலும் அந்த 26 ஓம் கிட்டத்தட்ட மாறாது. மாறுவது வோல்டேஜ் மட்டும்.

எவ்வளவு மாறும்? 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளில் 54ஆவது விதி, வீட்டு இணைப்பில் 6 சதவீத ஏற்ற இறக்கத்தை அனுமதித்தது. 230க்கு அது 216 முதல் 244 வோல்ட் வரை. 6 சதவீதம் என்றால் பெரிதாகத் தோன்றாது. ஆனால் வர்க்கக் கணக்கில் நம் கீசர் கீழ் எல்லையில் 1767 வாட், மேல் எல்லையில் 2247 வாட். விதிக்குள்ளேயே 480 வாட் வித்தியாசம் ஒளிந்திருக்கிறது. நிஜத்தில் தெருக்கள் இந்த எல்லைக்குள் நிற்பதும் இல்லை. நம் ஊர் டிரான்ஸ்ஃபார்மர்களின் தகட்டில் 11 கிலோவோல்ட் / 433 வோல்ட் என்றிருக்கும். அந்த 433 என்பது இரண்டு பேஸ்களுக்கு இடையிலான அளவு. மின்சாரம் வரும் பேஸ் கம்பிக்கும் திரும்பிப் போகும் நியூட்ரல் கம்பிக்கும் இடையே அது 250 வோல்ட். லைன் நீளத்தில் குறையப்போகும் வோல்டேஜை ஈடுகட்டத்தான் புறப்படும்போதே இப்படிக் கூட்டி அனுப்புகிறார்கள். அதனால் டிரான்ஸ்ஃபார்மருக்கு அடியிலேயே இருக்கும் வீட்டுக்கு, ஊர் தூங்கும் நேரத்தில் 250ஐ ஒட்டி வரலாம். அங்கே நம் கீசர் 2360 வாட். லைனின் கடைசிக் கம்பத்து வீட்டில், எல்லோரும் ஏசியும் மோட்டாரும் போட்டிருக்கும் நேரத்தில் 180 வந்தால் அதே கீசர் 1225 வாட். 160 வந்தால் 968 வாட்தான், அதாவது பாதிக்கும் கீழே. ஒரே தெரு, ஒரே கம்பெனி கீசர், ஒரே விலை. ஒருவர் ‘அருமையான கீசர்’ என்பார், இன்னொருவர் கடைக்காரனைத் திட்டுவார்.

15 லிட்டர் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஏற்ற, 2000 வாட்டில் 17 நிமிடம் ஆகும். 180 வோல்ட்டில் 27 நிமிடம். 160இல் 35 நிமிடம். தொட்டி வைத்த கீசரில் இது வெறும் காத்திருப்புதான். கொஞ்சம் முன்னதாகவே சுவிட்சைப் போட்டுவிட்டால் தீர்ந்தது. தொட்டி இல்லாத இன்ஸ்டன்ட் கீசரில் அப்படி முடியாது. அதில் தண்ணீர் ஓடும்போதே சூடாக வேண்டும். கொடைக்கானலில் குழாய்த் தண்ணீர் 12 டிகிரி, நிமிடத்துக்கு 2 லிட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 3000 வாட் இன்ஸ்டன்ட் கீசர் 230 வோல்ட்டில் அதை 33 டிகிரிக்கு மேல் கொண்டுபோகும், குளிக்கலாம். 180 வோல்ட்டில் 25 டிகிரியோடு நின்றுவிடும். குழாயைச் சிறிதாகத் திருப்பி, சொட்டுச் சொட்டாக விட்டுச் சூடாக்கிக்கொள்வதைத் தவிர வழியில்லை.

இன்னொரு விதமான தோல்வியும் உண்டு. மூடி போடாத பெரிய பாத்திரத்தைக் காயில் அடுப்பில் வைத்தால், கொதிநிலையை நெருங்கும்போது ஆவியாகவும் காற்றிலும் சில நூறு வாட் வீணாகப் போகும். அடுப்பு 1000 வாட் கொடுக்கும்வரை மிச்சம் இருக்கிறது, தண்ணீர் கொதிக்கும். 160 வோல்ட்டில் அடுப்பு 484 வாட்டாகச் சுருங்கிவிட்டால், வருவதும் போவதும் சமமாகி, தண்ணீர் 80, 90 டிகிரியில் அப்படியே நின்றுவிடலாம். எத்தனை மணி நேரம் வைத்தாலும் கொதிக்காது. சூடு பாதியானால் நேரம் இரண்டு மடங்கு என்று நினைப்போம். இங்கே நேரம் முடிவில்லாமல் நீள்கிறது. தட்டை எடுத்து மூடினால் அதே 484 வாட் போதும்.

சரி, மின்கட்டணம்? ‘லோ வோல்டேஜில் கீசர் போட்டால் மீட்டர் எகிறும்’ என்பார் ஒருவர். ‘வாட் குறைகிறது, அப்போ பில்லும் குறையும்’ என்பார் இன்னொருவர். வேண்டிய சூடு வந்ததும் தானாக அணைக்கும் தெர்மோஸ்டாட் உள்ள கீசருக்கு இரண்டுமே பொருந்தாது. அந்த 15 லிட்டரைச் சூடாக்க 0.56 யூனிட் வேண்டும். 17 நிமிடத்தில் எடுத்தாலும் 35 நிமிடத்தில் எடுத்தாலும் 0.56தான், மெதுவாகச் சூடாகும்போது தொட்டியின் சுவர் வழியாகப் போகும் கசிவு மட்டும் சற்றுக் கூடும். இஸ்திரிப்பெட்டியும் இதே கதை. தெர்மோஸ்டாட் இல்லாமல் எரிந்துகொண்டே இருக்கும் ரூம் ஹீட்டரில் யூனிட் குறையும். ஆனால் அது சிக்கனம் இல்லை, கிடைத்த சூடும் குறைவுதானே.

மேலே சொன்ன ‘மீட்டர் எகிறும்’ நம்பிக்கைக்கு ஒரு வேர் இருக்கிறது. அது மோட்டாரிலிருந்து வந்தது. கிணற்று மோட்டார், ஃபிரிட்ஜ் கம்ப்ரசர் போன்றவை முன்னால் இருக்கும் சுமையை எப்படியாவது தள்ளியாக வேண்டும். வோல்டேஜ் குறைந்தால் அந்தக் குறையை ஆம்பியரைக் கூட்டி எடுத்து நிரப்பப் பார்க்கும். சூடேறி காயில் புகையும். காவிரி டெல்டாவில் மோட்டார் ரீவைண்டிங் கடைக்காரரைக் கேட்டால் இதை எந்தச் சூத்திரமும் இல்லாமல் சொல்வார். இன்வெர்ட்டர் ஏசி, கம்ப்யூட்டர் பவர் சப்ளை, பல இண்டக்‌ஷன் அடுப்புகள் இவற்றில் எலக்ட்ரானிக் சர்க்யூட் வாட்டைப் பிடித்து நிறுத்துவதால், அங்கும் வோல்டேஜ் இறங்கினால் ஆம்பியர் ஏறும். ஹீட்டர் இதற்கு நேர் எதிர். 230 வோல்ட்டில் 8.7 ஆம்பியர் எடுத்த நம் கீசர், 180இல் 6.8 ஆம்பியர்தான் எடுக்கும். லோ வோல்டேஜால் எந்த ஹீட்டர் காயிலும் எரிந்துபோவதில்லை. கரண்ட் குறைவாக வந்தால் கீசர் கெட்டுவிடும் என்று பயந்து அணைத்துவைப்பவர்கள் தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம்.

தெருவின் கண்ணோட்டத்தில் பார்த்தால் ஹீட்டர் ரொம்ப நல்ல பிள்ளை. வோல்டேஜ் இறங்க இறங்கத் தானும் ஒதுங்கிக்கொள்கிறது. இப்போது அதற்கு ஒரு ஸ்டெபிலைசரை மாட்டுகிறோம் என்று வையுங்கள். 180ஐ 230ஆக உயர்த்தி கீசருக்கு முழு 2000 வாட்டைக் கொடுக்க, ஸ்டெபிலைசர் லைனிலிருந்து 11 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். நேரடியாகப் போட்டிருந்தால் 6.8தான். அந்தக் கூடுதல் ஆம்பியரால் லைனில் வோல்டேஜ் இன்னும் இறங்கும். பக்கத்து வீட்டுக்காரர் தன் ஸ்டெபிலைசரைத் தேடுவார். 2000 வாட்டைத் தாங்கும் ஸ்டெபிலைசருக்குக் கொடுக்கும் காசையும் சேர்த்துப் பார்த்தால், கீசருக்கு ஸ்டெபிலைசர் வாங்குவது எனக்கு அர்த்தமாகத் தெரியவில்லை. விடிவதற்கு முன் வோல்டேஜ் நன்றாக இருக்கும். அப்போது போட்டு வைத்தால் போதும்.

ஹீட்டரின் இந்தக் குணத்தை மின் நிறுவனங்களும் அறியும். பிரிட்டனில் மின் தட்டுப்பாட்டின்போது இணைப்பைத் துண்டிக்கும் முன் வோல்டேஜைச் சில சதவீதம் இறக்கிப் பார்க்கும் ஏற்பாடு உண்டு. சுமை உடனே குறையும். ஆனால் தெர்மோஸ்டாட் வைத்த ஹீட்டர்கள் விட்ட யூனிட்டை எடுக்க நேரத்தை நீட்டிக்கொள்ளும். முன்பு அணைந்திருக்க வேண்டிய கீசர் இப்போதும் எரியும். அதனால் கொஞ்ச நேரத்தில் அந்த லாபத்தில் ஒரு பகுதி கரைந்துவிடும்.

இதுவரை காயிலின் தடை மாறாது என்று சொல்லிக்கொண்டே வந்தோம். அது இயல்பாகக் கிடைத்த வசதி இல்லை. சாதாரண உலோகங்கள் சூடானால் தடை ஏறும். குண்டு பல்பின் டங்ஸ்டன் இழை எரியும்போது, குளிர்ந்திருந்ததைவிடப் பத்து மடங்குக்கும் மேல் தடை காட்டும். அதனால் பல்பின் வாட் முழு வர்க்கமாக ஏறி இறங்காது. வோல்டேஜ் கூடினால் தடையும் கூடி ஏற்றத்தைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும். ஹீட்டர்களில் இருப்பது நிக்ரோம். நான்கு பங்கு நிக்கல், ஒரு பங்கு குரோமியம். அமெரிக்காவின் ஆல்பர்ட் மார்ஷ் 1906இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். செந்தழலாகச் சூடானாலும் அதன் தடை 10 சதவீதம்கூட ஏறாது. மேற்பரப்பில் உருவாகும் குரோமிய ஆக்சைடு படலம் காற்று உள்ளே புகாமல் காப்பதால் சீக்கிரம் அரித்தும் போகாது. வர்க்கக் கணக்கு கீசரிலும் கெட்டிலிலும் இவ்வளவு துல்லியமாக வேலை செய்வதற்கு இந்தக் கலவைதான் காரணம்.

வேண்டுமென்றே எதிர்த்திசையில் செய்ததும் இருக்கிறது. பேரியம் டைட்டனேட்டை அடிப்படையாகக் கொண்ட பிடிசி என்னும் பீங்கான் வில்லை, ஒரு குறிப்பிட்ட சூட்டை எட்டியதும் தடையைக் கிடுகிடுவென ஏற்றிக்கொள்ளும். வோல்டேஜ் 180 ஆனாலும் 250 ஆனாலும் அது ஏறத்தாழ ஒரே சூட்டில் நிற்கும். ‘செராமிக்’ என்று விற்கும் பல ஃபேன் ஹீட்டர்களில் இது இருக்கிறது. வோல்டேஜ் தள்ளாடும் ஊருக்கு இது ஏற்ற சரக்கு.

வெறும் காயிலோ குவார்ட்ஸ் குழாயோ உள்ள ஹீட்டரில் வோல்டேஜ் இறங்குவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். சூட்டைக் கதிர்வீச்சாகவே விடும் பொருளில், வாட் மாறும் அளவுக்கு வெப்பநிலை மாறாது. கெல்வின் கணக்கில், வாட்டின் நான்காம் மூலமாகத்தான் மாறும். 927 டிகிரியில் ஆரஞ்சு நிறத்தில் எரிந்த காயில், 180 வோல்ட்டில் சுமார் 790 டிகிரிக்கு இறங்கி மங்கிய சிவப்பாகத் தெரியும். நிறத்தில் சிறிய மாற்றம்தான். அறைக்குக் கிடைக்கும் சூட்டில் அதற்குள் 39 சதவீதம் போய்விட்டது.

இரண்டு காயில் போட்டு மூன்று நிலை சுவிட்ச் வைத்த பழைய மின் அடுப்புகள் இந்த வர்க்கத்தை வைத்தே பிழைத்தன. இரண்டு 1000 வாட் காயில்களையும் தனித்தனியாக லைனில் இணைத்தால் 2000. ஒன்றை மட்டும் இணைத்தால் 1000. இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தால் ஒவ்வொன்றுக்கும் பாதி வோல்டேஜ்தான் கிடைக்கும். ஒவ்வொன்றும் 250, ஆக மொத்தம் 500. எலக்ட்ரானிக்ஸ் எதுவும் இல்லாமல் சிம்மர் வந்துவிட்டது. அறுந்த காயிலை முறுக்கி ஒட்டவைத்துப் பயன்படுத்துகிறவர்கள் தெரியாமலே எதிர்ப்பக்கம் போகிறார்கள். பத்தில் ஒரு பங்கு நீளம் குறைந்தால் தடை குறைந்து 1000 வாட் அடுப்பு 1111 வாட் ஆகிவிடும். அந்தக் கூடுதல் சூட்டைச் சுமக்க வேண்டிய கம்பியோ குட்டையாகிவிட்டது. ஒவ்வொரு அங்குலத்துக்கும் 23 சதவீதம் கூடுதல் சுமை. சீக்கிரமே மறுபடி அறுந்துவிடும், அடுத்த ஒட்டில் இன்னும் சீக்கிரம்.

அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் சாமான் கட்டுகிறவர்களுக்கு ஒரு வரி. இங்கத்திய 1500 வாட் கெட்டில் அங்கே 120 வோல்ட்டில் 408 வாட். ஆபத்தில்லை, பொறுமைதான் வேண்டும். அங்கத்திய 1500 வாட் ஹீட்டரை இங்கே 230இல் செருகினால் 5500 வாட், செருகவே செருகாதீர்கள். மிக்சி, கிரைண்டர் எல்லாம் மோட்டார் சமாச்சாரம். அங்கே 60 ஹெர்ட்ஸ் பிரச்சினையும் சேரும். ஹீட்டருக்கு 50ஆ 60ஆ என்ற கவலையே கிடையாது.

வோல்டேஜ் வீட்டு வாசல் வரை சரியாக வந்து, பிளக்கில் தொலைவதும் உண்டு. 16 ஆம்பியர் சாக்கெட்டில் பிடிப்புத் தளர்ந்து அரை ஓம் தடை உண்டாகியிருந்தால், கீசருக்குப் போய்ச் சேர்வது 1926 வாட். அந்த இழப்பு யாருக்கும் தெரியாது. ஆனால் 36 வாட் பிளக்குக்குள் சூடாக இறங்கும். ரேடியோ ரிப்பேர் கடையில் ஈயத்தை உருக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். பிளக் கறுத்து, பிளாஸ்டிக் உருகுவது இதனால்தான். கீசர் ஓடிய பிறகு பிளக்கைத் தொட்டுப் பார்த்துச் சுட்டால் சாக்கெட்டை மாற்றிவிட வேண்டும்.

லோ வோல்டேஜால் ஆபத்தில்லை என்றேன். ஹை வோல்டேஜ் அப்படி இல்லை. அதிலும் மோசமானது நியூட்ரல் கட்டாவது. கம்பத்தில் நியூட்ரல் அறுந்துவிட்டால், வேறு வேறு பேஸில் இருக்கும் இரண்டு வீடுகள் 400 வோல்ட்டுக்கு இடையில் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்ததுபோல் ஆகிவிடும். யாருக்கு எவ்வளவு வோல்டேஜ் என்பதை அப்போது அவரவர் தடைதான் முடிவு செய்யும். ஒரு வீட்டில் 2000 வாட் கீசர், எதிர்வீட்டில் டிவியும் விளக்கும் சேர்த்து 200 வாட் என்று வைத்தால், கீசர் வீட்டுக்கு 36 வோல்ட்தான் மிஞ்சும். எதிர்வீட்டுக்கு 364 போகும். அவர்கள் டிவி போய்விடும், இவர்கள் கீசருக்கு ஒன்றும் ஆகாது. எதிர்வீட்டில் 4000 வாட் சுமை இருந்தால் கீசருக்கு 267 வோல்ட், 2690 வாட். எதிர்வீட்டுச் சுமை கூடக் கூட இது 400ஐ நோக்கிப் போகும். 400இல் அந்தக் கீசர் 6050 வாட்.

அப்போது எம்சிபி, அதாவது ஆம்பியர் எல்லை மீறினால் தானே விழும் சுவிட்ச், காப்பாற்றும் என்று நம்பிவிட வேண்டாம். 400 வோல்ட்டிலும் நம் கீசர் எடுப்பது 15 ஆம்பியரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். 16 ஆம்பியர் எம்சிபி அசையாது. எம்சிபி ஆம்பியரைப் பார்க்கிறது, வோல்டேஜை அது பார்ப்பதே இல்லை. மூன்று மடங்கு சூட்டை போர்வெல் உப்பு படிந்த காயில் எவ்வளவு நேரம் தாங்கும் என்று சொல்ல முடியாது. இதற்கென்று இருப்பது மெயின் போர்டில் மாட்டும் ஓவர் வோல்டேஜ் கட்-ஆஃப்; வைத்த எல்லையை வோல்டேஜ் தாண்டினால் வீட்டையே துண்டிக்கும். அது இல்லாத திரீ பேஸ் வீட்டில் ஒரு அறிகுறியைக் கவனிக்கலாம். கீசரைப் போட்டதும் அதே பேஸில் இருக்கும் ஃபேன் மெதுவாகி, வேறு பேஸில் இருக்கும் ஃபேன் திடீரென்று வேகமெடுத்தால் நியூட்ரல் போயிருக்கிறது. கீசரை அணைத்துப் பார்த்துக்கொண்டிருக்காமல் மெயினை இறக்கிவிட்டு லைன்மேனைக் கூப்பிட வேண்டும்.